ஜான் மெக்லாஃப்லின் ஆல்பங்கள்: எதுல ஆரம்பிக்கிறது, எது உசத்தி?

ஆறுகம்பி_அண்ணாநகர்

மதுரைப் பக்கம் கிட்டார்க்காரர் ஜான் மெக்லாஃப்லின் வாசிப்பைக் கேக்குறவங்க யாராவது இருக்கீங்களா? நான் ராக் வாசிக்கிறவன், ஆறு வருஷமா எலக்ட்ரிக் கிட்டார். போன மாசம்தான் அவரோட குழு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவோட ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ கேட்டேன். 1973ல வந்த ரெக்கார்டு. மாட்டுத்தாவணி பஸ்ல ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கிட்டே போனவன், இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன். அப்படி ஒரு கிட்டார் சத்தத்தை நான் அதுவரைக்கும் கேட்டதில்ல.

அப்புறம் தேடிப் பாத்தா, மனுசன் 1969ல ஆரம்பிச்சு போட்டுக்கிட்டே இருக்காரு. ஜாஸ், ராக், ஸ்பெயின் நாட்டு கிட்டார், ‘சக்தி’ன்னு ஒரு குழு. சக்தி போட்டேன், பத்து நிமிஷத்துல நிறுத்திட்டேன். டிரம்ஸ் இல்ல, பேஸ் இல்ல, எங்க புடிச்சுக்கிறதுன்னே தெரியல. அதுவும் இதுவும் ஒரே ஆளு வாசிச்சதான்னு இருந்துச்சு. எந்த வரிசையில கேட்டா புடிபடும்? தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

டபுள்பெடல்_திருநகர்

தம்பி, நேரா ‘தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்’ போங்க. 1971. மகாவிஷ்ணுவோட முதல் ரெக்கார்டு அதுதான். அஞ்சு பேரு, அஞ்சு நாடு: இங்கிலாந்துக்காரர் கிட்டார், பனாமாவுல பிறந்த பில்லி காபம் டிரம்ஸ், செக் நாட்டு யான் ஹாமர் கீபோர்டு, அயர்லாந்து ரிக் லேர்ட் பேஸ், அமெரிக்கா ஜெர்ரி குட்மன் வயலின்.

அதுல ‘நூன்வர்ட் ரேஸ்’ கேளுங்க. கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் முட்டிக்கிற இடம் வரும். திருவிழாவுல நாதஸ்வரத்தைத் தவில் விரட்டிக்கிட்டே போகுமே, அப்படி. நான் டிரம்ஸ் கத்துக்கிட்டதே காபம் அடிக்கிறதைக் கேட்டுத்தான். ரெண்டு வருஷம் அந்த ஒரு பாட்டோட மல்லுக்கட்டியிருக்கேன்.

அந்த அஞ்சு பேரும் 1973 கடைசியிலயே பிரிஞ்சுட்டாய்ங்க. ரெண்டு ஸ்டுடியோ ஆல்பம், ஒரு லைவ், அம்புட்டுதான் அப்ப வெளிவந்தது. அதுக்கப்புறம் 1974ல ‘அபோகலிப்ஸ்’, லண்டன் சிம்ஃபனியோட. பீட்டில்ஸ் பாட்டெல்லாம் பண்ணுன ஜார்ஜ் மார்ட்டின்தான் தயாரிப்பு. எனக்கு அது ஒட்டல. அத்தனை வயலினுக்கு நடுவுல கிட்டார் தனியா நிக்குது.

கோரிப்பாளையம்_காது

கிட்டார் வாசிக்கிற தம்பிக்கு ‘ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ சொல்லாம விட்டா எப்படி? 1980 டிசம்பர் 5 ராத்திரி கச்சேரி, 1981ல ரெக்கார்டா வந்துச்சு. மெக்லாஃப்லின், அல் டி மியோலா, பாகோ டி லூசியா, மூணு பேரு, மூணு அக்கூஸ்டிக் கிட்டார், வேற ஒண்ணும் கிடையாது. எங்க வீட்டுல பாட்டுன்னாலே எழுந்து போற எங்க அத்தா இதை மட்டும் உக்காந்து கேட்டாரு. “யாருப்பா இவய்ங்க, விரலா என்ன அது”ன்னு கேட்டாரு.

டேப்ரெக்கார்டர்_சிம்மக்கல்

தம்பி, நீங்க பத்து நிமிஷத்துல நிறுத்துன சக்தியப் பத்தித்தான் நான் பேச வந்தேன்.

1984. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில எல்.பி. ரெக்கார்டுல இருந்து கேசட்டுல பதிஞ்சு குடுப்பாங்க. வெறும் கேசட் நாம வாங்கிக் குடுக்கணும். பேப்பர்ல பாட்டுப் பேரு எழுதிக் குடுத்துட்டு வந்தா ஒரு வாரம் கழிச்சு கிடைக்கும். நான் கேட்டது வேற ஒரு ராக் ரெக்கார்டு. அது இல்லைன்னு சொல்லி, “இதைக் கேட்டுப் பாரு”ன்னு சக்தி பதிஞ்சு குடுத்துட்டாரு. எனக்குக் கோவம். காசு போச்சேன்னு வீட்டுக்கு வந்து போட்டேன்.

அந்த முதல் ரெக்கார்டு ஸ்டுடியோவுல எடுத்தது இல்ல. 1975 ஜூலையில நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுல ஒரு கல்லூரியில நடந்த கச்சேரி, 1976ல வெளிவந்துச்சு. எல்.சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாடு ராகவன் மிருதங்கம். நடுவுல ஒரு வெள்ளைக்காரர் அக்கூஸ்டிக் கிட்டாரோட. முதல் பாட்டு ‘ஜாய்’, 18 நிமிஷம். ஆரம்பத்துல இருந்தே ஓட்டம்தான். கிட்டாரும் வயலினும் ஒரே வரியைச் சேந்து வாசிச்சுக்கிட்டே ஓடும். பின்னால கடம் உருண்டு வரும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்த ஒரு பக்கத்தையே திருப்பித் திருப்பிப் போட்டேன்.

ரெண்டாவது பக்கத்துல ஒரே ஒரு பாட்டு. “இது எனக்கு எதுக்கு, அது எனக்கு எதுக்கு, என் தலைவன் காலடியில நான் ஆடிக்கிட்டு இருக்கேன், எல்லாம் ஆனந்தம்”னு போகும் அதோட பேரு. 29 நிமிஷம். நான் வாங்கிக் குடுத்தது 45 நிமிஷக் கேசட். ஒரு பக்கத்துக்கு இருபத்திரண்டு நிமிஷம் சொச்சம்தான் கொள்ளும். பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கிட்டு இருக்கும், ‘டக்’குன்னு பட்டன் எம்பிரும். அவ்வளவுதான்.

அந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு தெரியாமலேயே பதினாலு வருஷம் கேட்டேன். 1998ல மெட்ராஸ் போனப்ப சிடி கிடைச்சுச்சு. திரும்பி வந்து, பொண்டாட்டி புள்ளைக தூங்குனப்புறம் ஹெட்போன்ல கடைசி ஏழு நிமிஷத்தைக் கேட்டேன். முடிஞ்சு அந்தக் கூட்டம் கை தட்டுனப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அதனால எனக்குக் கேட்டா முதல் இடம் சக்திக்குத்தான். மகாவிஷ்ணு எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஆறுகம்பி_அண்ணாநகர்

அண்ணே, இதைப் படிச்சப்புறம் மறுபடி போட்டுப் பாத்தேன். இப்பவும் ‘ஜாய்’ல நான் வழி தவறித்தான் போறேன். எங்க ஒண்ணு, தாளம் தொடங்குற சமம் எங்கன்னு தெரியல. ராக்ல ஸ்நேர் விழுந்தா ரெண்டு, நாலுன்னு புடிச்சுக்குவேன். இங்க அந்தக் கொக்கியே இல்லையே.

டபுள்பெடல்_திருநகர்

கொக்கி இருக்கு. அதை மொதல்ல வாயில சொல்லிப் பழகணும். ரெண்டாவது ஆல்பம் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ எடுங்க. முதல் பாட்டு ஆரம்பிக்கிறதே கொன்னக்கோல்லதான், தாளச் சொல்லை வாயால சொல்றது. கையில தாளம் போட்டுக்கிட்டே அதைக் கூடச் சொல்லிப் பாருங்க. தப்பினாப் பரவால்ல. பத்து நாள் சொன்னா கை தானா வந்துரும்.

நீங்க மெச்சுற ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தலைப்புப் பாட்டே பதினெட்டு எண்ணிக்கை. 4, 4ன்னு எண்ணுனா மண்டை காயும். நான் பழகுறப்ப தகதகிட மூணு தடவை, அப்புறம் ஒரு தகிட. 5, 5, 5, 3. கூட்டிப் பாருங்க. ரெண்டுலயும் ஒரே கணக்குப் புத்திதான் வேலை செய்யுது. அங்க கரண்டு இருக்கு, இங்க கரண்டு இல்ல, வித்தியாசம் அம்புட்டுதான்.

மெக்லாஃப்லின் 2007ல விக்கு விநாயக்ராமோட மகன் செல்வகணேஷோட சேந்து கொன்னக்கோல் பாடத்துக்குன்னே ஒரு டிவிடி போட்டாரு. பதினஞ்சு பதினாறு வருஷம் முன்னால என் வாத்தியார் வீட்டுல பாத்தேன். கிட்டாரைத் தொடாம, கையில தாளம் போட்டுக்கிட்டு உக்காந்து சொல்லிக் குடுக்குறாரு.

வீணை_எஸ்எஸ்காலனி

நான் முப்பது வருஷமாக வீணை சொல்லிக்கொடுக்கிறேன். இந்த இழையை என் மாணவி ஒருத்தி அனுப்பினாள். எனக்கு மாறுபட்ட கருத்து ஒன்று உண்டு. மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம்.

சக்தியின் வேகப் பகுதிகள் எனக்கு மலைப்பைத் தருகின்றன, ஆனால் நிறைவு தரவில்லை. வேகத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைக்கும் நயம், கரைந்துவிடுகிறது. ஒரு காந்தாரத்தின் மேல் நின்று அதை அசைத்து உயிர் கொடுக்கிற இடத்தை அந்தக் கிட்டார் ஓடித் தாண்டிவிடுகிறது. அந்த முதல் சக்தி ரெக்கார்டில் ‘லோட்டஸ் ஃபீட்’ என்று ஐந்து நிமிடத்துக்குள் ஒரு சிறு உருப்படி இருக்கிறது. நிதானமானது. எனக்கு அதுதான் அந்த ஆல்பம்.

இன்னொன்று. 1997க்குப் பிறகு ‘ரிமெம்பர் சக்தி’ என்று மறுபடி சேர்ந்தபோது மாண்டலின் ஸ்ரீனிவாஸ் வந்தார். ‘தி பிலீவர்’, ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ இரண்டிலும் அவர் வாசிப்பதைக் கேளுங்கள். மாண்டலினும் மேல்நாட்டிலிருந்து வந்த வாத்தியம்தான். அதில் அவர் முழுக் கமகத்தையும் கொண்டுவந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு மெக்லாஃப்லின் வாசிப்பில் அடக்கம் கூடியிருக்கிறது. காத்திருந்து, கேட்டு, பிறகு பேசுகிறார். ஸ்ரீனிவாஸ் 2014 செப்டம்பரில் 45 வயதில் போய்விட்டார். அந்த இழப்பை இன்றைக்கும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை.

டேப்ரெக்கார்டர்_சிம்மக்கல்

டீச்சர், கமகம் கரையுதுங்கிறதை மட்டும் நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். அந்தக் கிட்டாரையே அவரு கமகத்துக்காகத்தான் செய்யச் சொன்னாரு. கிப்சன் கம்பெனி கிட்டார், ஏப்ரஹாம் வெக்டர்னு ஒரு கைவினைஞர் செஞ்சது. விரல் வைக்கிற பலகையில மெட்டுக்கும் மெட்டுக்கும் (ஃப்ரெட்) நடுவுல இருக்குற மரத்தைக் குழிவாச் செதுக்கியிருப்பாங்க. சாதாரண ஆறு கம்பி போக, ஓட்டைக்குக் குறுக்க சரிவா ஏழு கம்பி தனி. சுருதிக்காக. நடுவுல நடுவுல ஒரு தடவு தடவுவாரு, தம்புரா மாதிரி விரிஞ்சு வரும். போட்டோவுல பாருங்க.

வீணை_எஸ்எஸ்காலனி

மரத்தைக் குழித்திருக்கிறார் என்பது எனக்குப் புதிய செய்தி, நன்றி. அதன் பொருள் வீணைக்காரிக்கு உடனே புரியும். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்கும். விரலுக்குக் கீழே மரம் படாது. அதனால்தான் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டிலிருந்து இரண்டு மூன்று சுரங்களை எடுக்க முடிகிறது. கிட்டாரில் விரல் மரத்தில் முட்டும். மரத்தைக் குழித்துவிட்டால் விரலுக்கும் மரத்துக்கும் நடுவே அதே வெற்றிடம் வருகிறது. அவர் வீணையைத் தொட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த யோசனை வராது.

இதைத் தட்டச்சு செய்யும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவர் வீணை கற்றது யாரிடம் தெரியுமா? டாக்டர் எஸ்.ராமநாதனிடம். நம் மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தில் முதல்வராக இருந்தாரே, அவரேதான். 1985இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த நூலை 1979இல் வெளியிட்டது நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு பெண்களுக்கு ஏழு சுரங்களின் பெயரை வைத்து, வட்டமாக நிறுத்தி ஆடவைத்த ஆய்ச்சியர் குரவை மதுரைக் காண்டத்தில்தான் வருகிறது. அதைப் பிரித்துப் பிரித்து எழுதிய மனிதர் ஒரு ராக் கிட்டார்க்காரருக்கு வீணை சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

சக்தி பற்றி நான் முதலில் எழுதியதை அழிக்கப் போவதில்லை. ஆனால் இன்று இரவு ‘ஜாய்’ மறுபடி கேட்பேன்.

ஆறுகம்பி_அண்ணாநகர்

டீச்சர், இதை நான் மூணு தடவை படிச்சேன். நான் தினமும் போற பல்கலைக்கழக பஸ் ரோட்டுக்கும் அந்த ரெக்கார்டுக்கும் ஒரு தொடர்பு இருக்குன்னு நினைக்கவே இல்ல.

கோரிப்பாளையம்_காது

ராம்நாடு ராகவனையும் விட்டுறாதீங்க. பேர்லயே ராமநாதபுரம் இருக்கு. அவரும் அதே வெஸ்லியன்லதான் மிருதங்கம் சொல்லிக் குடுத்தாரு. முதல் ஆல்பத்துல மட்டும்தான் இருக்காரு, ரெண்டாவதுல இருந்து நாலு பேரு.

டபுள்பெடல்_திருநகர்

டீச்சர்கிட்ட ஒரு கேள்வி. ‘இஸ் தட் ஸோ?’ கேட்டீங்களா? 2020ல வந்துச்சு. சங்கர் மகாதேவன் பாடுறாரு, ஜாகிர் உசேன் தபலா. பாட்டு ராகத்துல போகுது, கீழ மெக்லாஃப்லின் கார்டு, அதாவது பல சுரத்தை ஒண்ணாச் சேத்து, போட்டுக்கிட்டே வர்றாரு. நம்ம சங்கீதத்துல கார்டே கிடையாதே. எனக்கு அது மனசுக்கு இதமா இருக்கு. ஆனா தப்பா, சரியான்னு சொல்லத் தெரியல.

வீணை_எஸ்எஸ்காலனி

கேட்டேன். நேர்மையாகச் சொன்னால் எனக்கு ஒப்பவில்லை. ஒரு சுரத்துக்கு ஆதார ஷட்ஜத்தோடு (‘ஸ’) இருக்கும் உறவுதான் ராகத்தில் அதற்கு அர்த்தம் கொடுக்கிறது. கீழே கார்டு மாறிக்கொண்டே இருந்தால் தரை நகர்ந்துகொண்டே இருப்பது போல எனக்கு இருக்கிறது. குரல் அருமை, கிட்டாரின் தொனி அருமை, இரண்டும் சேரும் இடத்தில் ராகம் என் கைக்கு அகப்படவில்லை. ஆனால் எழுபத்தெட்டு வயதில் ஒருவர் இதுவரை செய்யாததைச் செய்து பார்த்திருக்கிறார். அந்தத் துணிவுக்கு மரியாதை செய்யாமல் இருக்க முடியாது.

டேப்ரெக்கார்டர்_சிம்மக்கல்

எனக்கு அது புடிக்கும் டீச்சர். ராத்திரி கடை சாத்திட்டு வந்து கேக்குறதுக்கு அதைப் போல இல்ல. 2008ல வந்த ‘ஃப்ளோட்டிங் பாயிண்ட்’ சென்னையிலயே பதிஞ்சது, அதுவும் பலபேர் கேக்காம விட்ட ஆல்பம். 2023ல வந்த சக்தியோட ‘திஸ் மொமெண்ட்’ அடுத்த வருஷம் கிராமி விருது வாங்குச்சு. சந்தோசப்பட்டு முடிக்கல, 2024 டிசம்பர்ல ஜாகிர் உசேன் போய்ட்டாரு. அன்னைக்குக் கடையில நாள் பூரா சக்திதான் ஓடுச்சு. வாடிக்கையா வர்ற ஒரு அம்மா சாமானை வாங்கிக்கிட்டு அப்படியே நின்னு கேட்டுட்டுப் போச்சு.

மானாமதுரை_மண்

எல்லாரும் கிட்டாரையே பேசுறீங்க. கடத்தைப் பத்தி நான் சொல்றேன். எங்க தெருவுல நாலு வீடு தள்ளித்தான் கடம் செய்யிறாங்க.

எங்க ஊரு கடம் கனம் ஜாஸ்தி. மெட்ராஸ் கடத்தைத் தூக்கிட்டு இதைத் தூக்குனா தெரியும். சுவர் தடிமன். சக்கரத்துல வனைஞ்சு எடுத்தப்புறம்தான் வேலையே இருக்கு. உள்ள ஒரு கையில கல்லை வச்சுக்கிட்டு, வெளிய மரத்தட்டால தட்டிக்கிட்டே வருவாங்க. ஆயிரக்கணக்குல தட்டு. எல்லா எடமும் ஒரே தடிமனா வரணும். ஒரு எடம் மெலிஞ்சாலும் நாதம் ரெண்டாப் பிரிஞ்சுரும். சூளையில இருந்து எடுக்குறப்ப அது என்ன சுருதியோ அதுதான் அதுக்கு ஆயுசுக்கும். கட வித்வான் கச்சேரிக்குப் போறப்ப சுருதிக்கு ஒண்ணா எடுத்துட்டுப் போறது அதனாலதான்.

கிட்டார்த் தம்பி, ஒரு நாள் வாங்க. கிட்டாரையும் எடுத்துட்டு வாங்க.

ஆறுகம்பி_அண்ணாநகர்

போன ஞாயித்துக்கிழமை மானாமதுரை போயிட்டு வந்தேன். மண் அண்ணன் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து கூட்டிட்டுப் போனாரு. அவங்க வீட்டுல சாப்பாடு. அண்ணே, அக்காகிட்ட மறுபடி நன்றி சொல்லுங்க.

கடம் செய்யிற வீட்டுத் திண்ணையில உக்காந்தோம். ஒரு கடத்தை மடியில வச்சாங்க. கனம்னு நீங்க சொன்னீங்க, ஆனா இம்புட்டுன்னு நினைக்கல, தொடை அமுங்குது. நகத்தால கழுத்துக்கிட்ட சுண்டுனா மணி மாதிரி இருக்கு. உள்ளங்கையால வயித்துல தட்டுனா வேற குரல். கடத்தோட வாயை என் வயித்தோட ஒட்டி வச்சு எடுக்குறப்ப வர்ற அந்த ‘கும்’ என் நெஞ்சு எலும்புக்குள்ள கேட்டுச்சு. ஹெட்போன்ல இது வரவே வராது.

நான் போன்ல டியூனர் ஆப் எடுத்தேன். அந்த வீட்டுப் பெரியவர் விரல் கணுவால ஒரு தட்டு தட்டிட்டு “இரண்டரைக் கட்டை”ன்னாரு. ஆப்லயும் டி ஷார்ப்தான் வந்துச்சு. என் கிட்டார் அடிக் கம்பி ஈ, மூணு கட்டை. அதுகூட வாசிச்சா இடிக்குது. “கடம் இறங்காது தம்பி, நீங்கதான் இறங்கணும்”னாரு. ஆறு கம்பியையும் அரைக் கட்டை இறக்குனேன். ராக்ல இப்படி இறக்கி வாசிக்கிறது சாதாரணம்தான், நூறு தடவை இறக்கியிருக்கேன். ஆனா ஒரு பானைக்காக இறக்குனது அன்னைக்குத்தான்.

மண் அண்ணனோட மருமகன் பையன், பன்னண்டு வயசு இருக்கும், மிருதங்கம் படிக்கிறான். அவன் கடத்துல தகதகிட, தகதகிட, தகதகிட, தகிட வாசிச்சான். நான் அடிக் கம்பியை விடாம மீட்டிக்கிட்டு மேல ஒரு நாலு சுரம் மட்டும் வாசிச்சேன். மொதல்ல மூணு தடவை தப்புனேன். நாலாவது தடவை ரெண்டு பேரும் ஒண்ணா வந்து விழுந்தோம். பையன் சிரிச்சான், எனக்குக் கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அந்த ஏழு சுருதிக் கம்பி எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சது. ரெண்டு பேரும் எங்க சுத்தினாலும் கீழ ஒரு தரை கிடக்கு. டீச்சர் கார்டு பத்திச் சொன்னதும் அதுதானே?

திரும்பி வர்றப்ப பஸ்ல அந்த 29 நிமிஷப் பாட்டைப் போட்டேன். திருப்புவனத்துல ஆரம்பிச்சது. சிலைமான் வர்ற வரைக்கும் கையில எண்ணிக்கிட்டே வந்தேன், ரெண்டு எடத்துலதான் விட்டேன். கடைசி வரைக்கும் கேட்டேன்.

வீணை_எஸ்எஸ்காலனி

அதேதான், தம்பி. தரை.

டேப்ரெக்கார்டர்_சிம்மக்கல்

தம்பி, அந்த 1984 கேசட் இன்னும் எங்கிட்ட பீரோவுல இருக்கு. டேப்ரெக்கார்டரும் ஓடுற நிலைமையில இருக்கு, பெல்ட் மட்டும் போன வருஷம் மாத்துனேன். பாட்டு அறுந்து போற எடத்தை நீங்க ஒரு தடவை கேக்கணும்னு எனக்கு ஆசை. ஞாயித்துக்கிழமை கடை லீவு. அந்தப் பையனையும் கூட்டிட்டு வாங்க. மண் தம்பி, ஒரு கடம் கொண்டு வர முடியுமா? பத்திரமா வச்சுக்குவேன்.

மானாமதுரை_மண்

ரெண்டு கொண்டு வாரேன்ணே. இரண்டரை ஒண்ணு, மூணு ஒண்ணு. தம்பி கம்பியை ஏத்தி வச்சிருந்தாலும் ஆகும்.